ஒரு கம்பு மட்டும் வாடியிருந்தது

"அப்ப மேல் லயத்துக்கு வீடு கெடச்ச மாதிரித்தான்டு செல்லுங்க!"

"அய்யோ நபீல் நானா, வாய வச்சிராதீங்க. மாத்தயா நாளைக்குத்தான் வந்து பாக்கப் போறாரு."

"வந்து பாத்து என்னத்த புதுசா செல்லப் போறாரு? கம்பு அவ்வளவு தூரம் நகந்து ஈக்கிண்டா மல நகந்து ஈக்கி. நீங்க போட்ட அளவ நான்தானே அவருக்கு அனுப்பின. ஆனா தங்கச்சி, நல்ல படம் ஒண்டு எடுத்து வைங்க. கம்பு தெளிவா தெரிய ஓணும்."

"இப்பவே போறேன்."

தர்ஷிகா போனைப் பாவாடைப் பைக்குள் செருகிக்கொண்டு, தான் குடியிருக்கும் மேல் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை. டவுனில் அவள் வேலை செய்யும் கொமியுனிகேஷன் கடைக்கு அன்று பூட்டு. இல்லையென்றால் இந்நேரம் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் யாருடைய அடையாள அட்டையையோ போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டு நின்றிருப்பாள்.

இந்தப் பெண்ணைப் பற்றி ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். பனி என்றால் கடையின் ஐஸ் பெட்டிக்குள் படிவது என்று மட்டும் தெரிந்த தேயிலை மலையான ஹந்தானையில் பிறந்தவள். அவளுக்குப் பிடித்திருந்ததோ பனிச்சரிவுப் பைத்தியம். எங்கோ தூரதேசத்து மலைகளில், ஆளில்லாத பனிக்காட்டில் நடக்கிறவர்கள் போடும் வீடியோக்களைத் தேடித்தேடிப் பார்ப்பாள். அவர்கள் பனியை மண்வெட்டியால் கேக் மாதிரிச் செங்குத்தாக வெட்டுவார்கள். எந்த அடுக்கு கெட்டி, எந்த அடுக்கு சீனி மாதிரி உதிர்கிறது என்று விரலால் குத்திப் பார்ப்பார்கள். மேலே மண்வெட்டியின் அலகை வைத்துத் தட்டித்தட்டி, எத்தனையாவது தட்டுக்கு அது சறுக்குகிறது என்று பார்ப்பார்கள். காலடியில் "தொம்" என்று ஒரு சத்தம் கேட்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடப்பார்கள். அதெல்லாம்கூடப் பெரிதில்லை. வீட்டுக்குப் போனதும், தாங்கள் பார்த்ததை முன்பின் தெரியாத எல்லோருக்கும் எழுதிப் போடுவார்கள், நாளை அந்தப் பக்கம் போகிறவன் சாகக்கூடாது என்று. கண்டதைச் சொல், காணாததைச் சொல்லாதே. அவர்களிடம் இருந்தது அந்த ஒரே சட்டம். தர்ஷிகா மயங்கியது அதில்தான்.

போன வருஷத்துப் பெருமழையில் கண்டியைச் சுற்றி மலைகள் வழுக்கி இறங்கிய பிறகு அந்தப் பைத்தியத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. மடவளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கும் நபீல் 'சரிவுப் பார்வை' என்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியிருந்தான். யார் வேண்டுமானாலும் தங்கள் மலையில் பார்த்ததைப் போடலாம். எங்கே வெடிப்பு, எங்கே கிணற்றுத் தண்ணீர் கலங்கியது, எங்கே மரம் சாய்ந்தது. முக்கியமானதை அவன் மண்சரிவு பார்க்கும் அலுவலகத்து அதிகாரிக்கு, எல்லோரும் மாத்தயா என்று கூப்பிடுகிறவருக்கு, அனுப்பிவைப்பான்.

தர்ஷிகா சேர்ந்தாள். தன்னோடு பக்கத்துக் காம்பராவில், அடுத்த அறையில், இருந்த யுகேஷையும் இழுத்துச் சேர்த்தாள். தோட்டத்தில் வெடிப்பு இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று மேல் லயத்துக்குப் பின்னால், மற்றது கீழ் லயத்துக்குத் தலைக்கு மேல். வெடிப்பின் இந்தக் கரையில் ஒரு கம்பு, அந்தக் கரையில் ஒரு கம்பு. நடுவில் தூரத்தை டேப்பால் அளந்தால் போதும். மண் நகர்ந்தால் தூரம் கூடும். மேலே தர்ஷிகா அளப்பாள். யுகேஷ் பல்லேகலயில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவன், ஸ்டாஃப் பஸ் பிடிக்கக் கீழ் லயத்து வழியாகத்தான் இறங்க வேண்டும் என்பதால் கீழே அவன் அளப்பான். வெடிப்புக்குள் மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்க, மாத்தயா சொன்னபடி சனங்கள் களிமண் அடைத்து மேலே பொலித்தீன் விரித்திருந்தார்கள்.

கம்பு விஷயத்தில்தான் தர்ஷிகா ஒரு கூத்துப் பண்ணினாள். நேராக இருக்கிறதே, வெட்டவும் லேசாக இருக்கிறதே என்று கல்யாண முருங்கையில் கம்பு வெட்டி நட்டுவிட்டாள். ஒடித்துப் போட்டாலே வேர் விடுகிற சாதி அது. கொஞ்ச நாளில் எல்லாக் கம்பும் துளிர்த்து, இலை விட்டு, பச்சைப்பசேலென்று நின்றன.

யுகேஷ் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏய் தர்ஷி, மண்ண அளக்கக் குச்சி நடச் சொன்னா முகூர்த்தக்கால் நட்டு வச்சிருக்க! மாப்பிள்ள யாரு, மண்ணா?"

"ஒன்னத் தவிர யாரா இருந்தாலும் சரி."

"அப்பிடியா? பந்தலுக்குத் தென்னோல நான் வெட்டித் தர மாட்டேன், பாத்துக்க."

மாற்றி நடலாம் என்று அவள் சொன்னாள். வேர் விட்ட கம்பு இன்னும் உறுதிதானே, இருக்கட்டும் என்று நபீல் சொன்னான். இருந்தது.

பிறகு கோயிலடியில் ஒரு கூட்டம் நடந்தது. இந்தமுறை ஒரு லயத்துக்கு மட்டுந்தான் வேறு இடத்தில் காணியும் வீடும், எந்த லயத்துக்கு ஆபத்து அதிகமோ அதற்கு என்று மாத்தயா சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எல்லோர் கண்ணும் கம்புகளின் மேல். ஒருநாள் காலை மேல் லயத்துக் கம்புகளுக்கு நடுவில் தூரம் ஒரு சாண் கூடியிருந்தது. அளந்துகொண்டிருந்த தர்ஷிகா டேப்பைக் கீழே போட்டுவிட்டாள். திரும்ப அளந்தாள். அதே அளவு. அழுதுகொண்டேதான் குழுவில் போட்டாள்.

இதுவரைக்கும் நடந்தது அதுதான். இப்போது படம் எடுக்கப் போகிறாள்.

மேல்கரைக் கம்பு செழிப்பாக நின்றது. இலை ஒவ்வொன்றும் அகலம். தூறல் அதன்மேல் முத்து முத்தாக. கீழ்க்கரைக் கம்பில் இலைகள் கசங்கிய துணி மாதிரித் தொங்கின. நுனித் துளிர் கறுத்துச் சுருண்டிருந்தது.

வெயில் இல்லை. நாள்கணக்காக மழை. இரண்டும் ஒரே மரத்துக் கம்பு, ஒரே நாளில் நட்டது.

அவள் குந்தி உட்கார்ந்தாள். கம்பைத் தொட்டாள். ஆடியது. மண் நகர்ந்தால் கம்பு மண்ணோடு சேர்ந்து போகும், வேரும் சேர்ந்து போகும். அது வாட வேண்டிய அவசியமே இல்லை. வேர் அறுந்தால்தான் வாடும். அடிமண்ணைக் கிளறினாள். கம்பைச் சுற்றி வட்டமாக, பெரிய ஓட்டை. அலவாங்கு இரும்பால் குத்திய ஓட்டை. அவள் கம்பைக் கல்லால் அடித்தல்லவா இறக்கியிருந்தாள்?

பொலித்தீனைத் தூக்கினாள். வெடிப்பில் அடைத்த களிமண் பூசிய சுவர் மாதிரி, அடைத்தவர்களின் விரல் தடம்கூட அழியாமல் இருந்தது. ஒரு கீறல் இல்லை. ஒரு சாண் நகர்ந்த மண்ணில்!

அவள் படம் எடுக்கவில்லை. பொலித்தீனைத் திரும்ப விரித்து, கல்லை வைத்துவிட்டு இறங்கினாள்.

யுகேஷ் பீலியடியில், மலைத் தண்ணீர் கொட்டும் குழாயடியில், குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர் பிடிக்க இரண்டு பெண்கள் நின்றார்கள்.

"கம்பு ஏன்டா வாடியிருக்கு?"

"எந்தக் கம்பு?"

"ஒனக்குத் தெரியாத கம்பா?"

"வெயிலுக்கு வாடியிருக்கும்."

"வெயிலா? ஒன் துணி காஞ்சு எத்தன நாளாச்சு, சொல்லு பாப்போம்."

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் பாதி நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். தர்ஷிகா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"யாருக்கெல்லாம் தெரியும் யுகேஷ்?"

அவன் துவாயைப் பிழிந்தான். பிழிந்ததையே திரும்பப் பிழிந்தான்.

"ஒனக்கு மட்டுந்தான் தெரியாது."

"என்னாது?"

"கத்தாத. ஒரு லயத்துக்குத்தான் எடம்னு சொன்னாங்க. எந்த லயம்னு கம்புதான் சொல்லும்னாங்க. கம்பு சும்மா நின்னா நம்மளும் சும்மா நிக்க வேண்டியதுதான். நம்ம லயம் எவ்வளவு காலமா கேக்குது? ஒரு காம்பராவுல மூணு குடும்பம். தகரத்துக்குக் கீழ பேசினுக்குப் பேசின் வச்சிட்டுத் தூங்குறோம். இது பொய்யா?"

"இது பொய் இல்ல. கம்பு பொய்."

"கம்பு பொய்யா இருந்தா என்னா, வீடு உண்மையா வருதுல்ல?"

"நான் அழுதுகிட்டே அளவ போட்டேன்டா. நீ என் பக்கத்துல நின்னு தோளத் தட்டுன."

"நீ போட்டாத்தான் அவங்க நம்புவாங்க தர்ஷி" என்று மட்டும் சொன்னான். அவளைப் புகழ்கிற மாதிரி.

வீட்டில் அம்மா ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். வாசலில் வந்து நின்ற மகளின் முகத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. கேள்வியே தேவைப்படவில்லை.

"ஒனக்குப் பொய் சொல்ல வராது புள்ள" என்றாள் அம்மா. "சின்னதுலருந்தே வராது. மூஞ்சி காட்டிக் குடுத்துரும். அதான் ஒனக்குச் சொல்ல வேணாம்னேன்."

"நீங்களா சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். ஒன்ன இதுல அழுக்காக்க வேணாம்னு நெனச்சேன்."

பார்த்தீர்களா? பொய்யையும் அவளுக்குச் செய்த நல்லதாகவே அம்மா வைத்திருந்தாள். அதுதான் மகளைக் கொன்றது. கெட்ட எண்ணத்தோடு ஏமாற்றியிருந்தால் சண்டை போடலாம். தர்ஷிகாவின் உண்மையை உப்பு மாதிரி, மிளகாய் மாதிரி, வீட்டில் இருக்கிற ஒரு சாமான் என்று எடுத்துச் சமையலுக்குப் போட்டிருந்தார்கள்.

"அடுத்தவன் வீட்ட ஒன்னும் நாங்க புடுங்கலியே" என்றாள் அம்மா, தணிந்த குரலில்.

"கீழ் லயத்து எடத்ததானேம்மா புடுங்கியிருக்கோம்?"

"கீழதான் ஒன்னும் இல்லன்னு யுகேஷ் தெனம் போடுறானே!"

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அம்மாவுக்கே கேட்டது. மேலே பொய்யில் சேர்ந்தவன் கீழே மட்டும் உண்மை போட்டிருப்பானா? தர்ஷிகா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

கீழ் லயம் தேயிலைச் சரிவின் மடியில், சாலையை ஒட்டி இருந்தது. மூக்காயி அத்தை தன் வாசலில் நின்று தோளால் கதவை இடித்துக்கொண்டிருந்தாள்.

"வா புள்ள! இந்தக் கதவ ஒரு தள்ளு தள்ளு. மழைக்கு ஊதிப்போய் நிக்குது. நேத்துலருந்து இந்தப் பாடு."

"அத்தை, பக்கத்துக் கதவு?"

"அதுவுந்தான். எல்லாமே பழைய பலகதானே."

கதவு ஊதவில்லை. நிலை கோணியிருந்தது. மேல்மூலையில் ஒரு விரல் இடைவெளி, கீழ்மூலையில் இறுக்கம். தர்ஷிகா லயத்துக்கு மேலே ஏறினாள். கீழ் லயத்துக் கம்புகள் இரண்டும் குளிர்ந்த பச்சையில் நின்றன. வாடவில்லை. ஆனால் கீழ்க்கரைக் கம்பு வேரோடும் மண்ணோடும் சேர்ந்து, குடித்தவன் மாதிரிச் சாய்ந்திருந்தது. பொலித்தீனுக்கு அடியில் களிமண் நீளத்துக்குப் பிளந்து, பிளவுக்குள் கை போனது. சின்னச்சின்ன வேர்கள் முறுக்கிய நூல் மாதிரி அறுந்து கிடந்தன. டேப்பைப் பிடித்தாள். யுகேஷ் தினமும் போட்ட அளவு அங்கே எங்குமே இல்லை.

சரிவின் அடியில் எப்போதும் கண்ணாடி மாதிரி ஓடும் ஊற்று தேத்தண்ணி நிறத்தில் ஓடியது.

"யுகேஷ் தம்பி காலைல காலைல டேப்பு புடிச்சிப் பாத்துட்டுத்தான் போவும்" என்று பின்னாலிருந்து மூக்காயி அத்தை சொன்னாள். "'ஒன்னுமில்லத்தே, நல்லாத் தூங்குங்க'ன்னு சொல்லிட்டுப் போவும். நல்ல புள்ள."

தர்ஷிகாவுக்கு அந்த இடத்தில் சத்தம் போட்டு அழ வேண்டும் போலிருந்தது. நேரம் இல்லை.

"அத்தை, தூங்கக் கூடாது. இன்னைக்கு இங்க யாருமே தூங்கக் கூடாது."

கோயில் தலைவர் கறுப்பையா முதலில் நம்பவில்லை. கையைப் பிடித்து இழுத்துப்போய் பிளவுக்குள் அவர் கையை விட வைத்தாள். கையை எடுத்தவர் நேராகக் கோயில் மண்டபத்தின் சாவியை எடுக்கப் போனார். மத்தியானத்துக்குள் கீழ் லயம் முழுக்க, பாயும் பானையும் கோழிக்கூடுமாக மண்டபத்துக்கு ஏறிவிட்டது.

பிறகு மண்டபத்துப் படியில் உட்கார்ந்து தர்ஷிகா குழுவில் போட்டாள். கண்டதைப் போட்டாள். கீழ் லயத்துக் களிமண்ணின் படம், கோணிய கதவின் படம், கலங்கிய ஊற்றின் படம். இத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மேல் லயத்து வாடிய கம்பையும் எழுதினாள். 'இது மண் நகர்ந்ததால் கூடிய அளவு இல்லை. கம்பைக் கையால் பிடுங்கி நட்டிருக்கிறார்கள். நான் போட்ட அளவு தவறு.' யார் பிடுங்கினார்கள் என்று எழுதவில்லை. அதை அவள் கண்ணால் காணவில்லையே.

நபீல் உடனே போனில் கூப்பிட்டான். "தங்கச்சி, இது என்ன கத? உங்கட அளவெண்டு நம்பித்தானே நான் அனுப்பின. அந்த மாத்தயாட மூஞ்சில நான் இனி எப்பிடி முழிக்கிற?"

"எனக்கும் தெரியாது நானா. சத்தியமா தெரியாது."

"உங்களுக்குத் தெரியாதுண்டு நான் நம்புற. ஆனா வேற யாரு நம்புவாங்க, செல்லுங்க?"

மறுநாள் மாத்தயா வந்தார். நல்ல மனுஷன். இரண்டு வெடிப்பையும் குனிந்து பார்த்தார், கதவைத் தள்ளிப் பார்த்தார். கீழ் லயத்தார் மண்டபத்திலேயே இருக்கட்டும் என்றார். பிறகு குடையை மடக்கிக்கொண்டு, சிங்களம் கலந்த தமிழில், தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்: "நங்கி, ஒரு கம்பு பொய் சொன்னா, இனி எல்லாக் கம்பும் பொய்தானே? கீழ நடந்தத ஒங்க யுகேஷ் மறைச்சாரு. மேல நடக்காதத நீங்க சொன்னீங்க. தெரியாம சொன்னீங்க, சரி. ஆனா எனக்கு மேல உள்ள பெரியவங்ககிட்ட நான் என்னத்தச் சொல்றது? காணி விஷயத்த இப்ப நிறுத்திருவாங்க. மண் நகர்றத அளக்குற மெசின் பூட்டி, முதல்லருந்து பாக்கணும்."

"மெசின் எப்ப மாத்தயா வரும்?"

அவர் மலையைப் பார்த்தார்.

மேல் லயத்தில் அன்றிலிருந்து அவளோடு பேச்சு நின்றது. பீலியடிக்கு அவள் போனால் வரிசை கலைந்தது. அம்மா சாப்பாடு போட்டாள்; "சாப்பிடு" என்று சொல்லவில்லை. கீழ் லயத்தாராவது கையைப் பிடித்துக்கொள்வார்கள் என்று நினைத்தீர்களா? மழை ஓய்ந்துவிட்டது. மலை இறங்கவில்லை. மண்டபத்துச் சிமெந்துத் தரையில் படுத்துப் படுத்துப் பிள்ளைகளுக்குச் சளி பிடித்தது. முதலில் கோழிகள் திரும்பின, பிறகு ஆட்கள்.

"போகாதீங்க அத்தை. வெடிப்பு இன்னும் நிக்கல."

மூக்காயி அத்தை பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "முதல்ல ஒங்க லயத்தான் 'ஒன்னுமில்ல'ன்னான். இப்ப ஒங்க லயத்துக்காரி 'மலை விழுது'ங்கிறா. விழவும் இல்ல, வீடும் இல்ல. நீயும் மேல் லயந்தானே புள்ள? யாருக்காகப் பேசுறன்னு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

யுகேஷை அவள் சந்தித்தது கீழ் லயத்து வெடிப்புக்கு அருகில். ஸ்டாஃப் பஸ்ஸுக்கு இறங்கும் வழியில் நின்று, அவள் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். மறுமுனையைப் பிடிக்க அவன் குனிந்தபோது அவள் டேப்பைச் சுருட்டிவிட்டாள்.

"தொடாத."

"கீழ எப்பவுமே கொஞ்சம் வெடிச்சிருந்ததுதான் தர்ஷி. இவ்வளவு ஆகும்னு நெனைக்கல. சத்தியமா. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிருவோம், நாளைக்குச் சொல்லிருவோம்னுதான் இருந்தேன்."

"நீ சொல்லல."

"சொல்லல." பிறகு, கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் மாதிரிக் கேட்டான்: "ஆனா ஒன்னு சொல்லு. கீழ அளவ மட்டும் நீ போட்டிருந்தா? மேல் கம்பப் பத்தி வாயத் தொறக்காம இருந்திருந்தா? ரெண்டு லயமும் செவப்பு, ஆபத்துன்னு மாத்தயா எழுதியிருப்பாரு. ஒன்ன யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டாங்க. கீழ உள்ளவங்களாவது போயிருப்பாங்க. நீ உண்மையச் சொல்லி யாரத் தர்ஷி காப்பாத்துன?"

பஸ் ஹோர்ன் அடித்தது. அவன் ஓடினான். அவள் டேப்பைத் திரும்ப விரித்து, ஒரு முனையைக் கல்லால் அமுக்கிவைத்து, தனியாக அளந்தாள். கூடியிருந்தது. கொஞ்சம்தான், ஆனால் கூடியிருந்தது. கீழே மூக்காயி அத்தை வீட்டுக் கதவு இடிபடும் சத்தம் கேட்டது. குழுவில் போட்டால் யாரும் நம்பப் போவதில்லை என்று தெரிந்தும் போட்டாள். பிறகு கதவைத் தட்டி அதையே திரும்பச் சொல்ல இறங்கிப் போனாள்.

எனக்கு அந்தப் பையன் கேட்டதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு பொய்யை அப்படியே விட்டிருந்தால் இரண்டு லயமும் பிழைத்திருக்குமோ? இல்லை, அந்த ஒன்றை விட்டிருந்தால் இனி அவள் அளக்கிற எந்த அளவுக்கும் அர்த்தமே இருந்திருக்காதோ? நீங்கள் அந்த மண்டபத்துப் படியில், கையில் போனோடு உட்கார்ந்திருந்தால் வாடிய கம்பைப் பற்றி எழுதியிருப்பீர்களா, விட்டிருப்பீர்களா? சொல்லுங்களேன், என்ன நினைக்கிறீர்கள்?